எச்.ஓ.ஏ. இருக்கிற காலனியில் வீடு வாங்கலாமா?

டாலஸுக்கு வடக்கே இரண்டு வீடு பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று பில்டர் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற புதுக் காலனியில். நீச்சல்குளம், கிளப்ஹவுஸ், எச்.ஓ.ஏ. என்கிற வீட்டுக்காரர் சங்கம், அதற்கு மாதம் 110 டாலர் டியூஸ், அதாவது சந்தா. இன்னொன்று ரிச்சர்ட்சனில் 1984இல் கட்டிய வீடு, எச்.ஓ.ஏ. கிடையாது. இரண்டுமே கிட்டத்தட்ட நாலரை லட்சம் டாலர். எச்.ஓ.ஏ. என்றாலே தலைவலி என்கிறார்கள், போகலாமா வேண்டாமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "என் காசில் வாங்கிய வீட்டில் இன்னொருத்தர் வந்து இதைச் செய், அதைச் செய்யாதே என்றால் எனக்குத் தாங்காது" என்று, உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை: அந்தச் சங்கத்தின் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது.

நான் டாலஸுக்கு வடக்கே காலின் கவுன்ட்டியில் 400 வீடுகள் உள்ள ஒரு காலனியில் 13 வருஷமாக இருக்கிறேன். அதில் 4 வருஷம் போர்டில், அதாவது சங்கத்தின் நிர்வாகக் குழுவில், அதிலும் 3 வருஷம் பொருளாளராக. வக்கீல் இல்லை. டெக்சாஸ் சட்டத்தை அந்தப் பொறுப்புக்காகப் படித்துப் பழகியவன், அவ்வளவுதான். இந்தச் சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதனால் நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ இருந்து படிப்பவர்கள் நான் சொல்லும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் ஊர் ஃப்ளாட் அசோசியேஷனை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்காதீர்கள். அங்கே மெயின்டனன்ஸ் கட்டாதவர் வீட்டுக் கதவைச் செயலாளர் நாலு முறை தட்டிவிட்டுத் திரும்புவார். இங்கே அந்த நிலமே ஒரு பத்திரத்தால் கட்டப்பட்டிருக்கிறது. டெவலப்பர் முதல் வீடு விற்கும் முன்பே டிக்ளரேஷன் என்கிற அந்த ஆவணத்தைக் கவுன்ட்டியில் பதிவு செய்துவிடுவார். நீங்கள் வீட்டை வாங்கிய நொடியில் உறுப்பினர். வீட்டை விற்கும் வரை விலக முடியாது. டிக்ளரேஷனை மாற்ற டெக்சாஸில் பொதுவாக மொத்த ஓட்டில் 67 சதவீதம் வேண்டும், ஓட்டுப் போடவே பாதிப் பேர் வராத இடத்தில் அது லேசில் நடக்காது. ஆனால் அதற்குக் கீழே இருக்கும் விதிகள், அதாவது குப்பைத் தொட்டி எங்கே வைப்பது, பெயின்ட் என்ன நிறம், பார்க்கிங் எப்படி என்பதையெல்லாம் பெரும்பாலும் போர்டே கூடி மாற்றிவிடலாம். ஆகவே இன்றைக்கு விதிப் புத்தகத்தில் இல்லாத ஒன்று நாளைக்கு வரலாம்.

இதில் எந்தச் சந்தேகமும் இல்லாத விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டியூஸ் கட்டாவிட்டால் சங்கம் உங்கள் வீட்டின் மேல் உரிமை கோரலாம், கடைசியில் ஏலத்துக்கே கொண்டு போகலாம். ஃப்ரிஸ்கோவிலேயே 2008இல் ஒரு ராணுவ கேப்டன் ஈராக்கில் பணியில் இருந்தபோது, சுமார் 800 டாலர் பாக்கிக்காக அவருடைய வீடு ஏலம் போனது. வங்கிக் கடனே இல்லாத, சுமார் 3 லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு, 3,500 டாலருக்குப் போனது. வழக்கு நடத்தி, சமரசத்தில்தான் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்கப்புறம் 2011இல் டெக்சாஸில் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது நீதிமன்ற உத்தரவு இல்லாமல் சங்கம் ஏலம் விட முடியாது, தவணையில் கட்ட வாய்ப்பு தர வேண்டும், அபராதத் தொகைக்காக மட்டும் வீட்டை ஏலம் விட முடியாது, ஏலம் போனாலும் 180 நாளுக்குள் பணம் கட்டி மீட்கலாம். பாதுகாப்பு கூடியிருக்கிறது, ஆனால் அதிகாரம் போய்விடவில்லை. போர்டோடு எவ்வளவு பெரிய சண்டை இருந்தாலும் டியூஸை மட்டும் நிறுத்தாதீர்கள். இன்னொன்று, சொத்து வரி மாதிரி டியூஸ் பெரும்பாலும் உங்கள் வீட்டுக் கடனின் எஸ்க்ரோவில், அதாவது தவணையோடு சேர்த்து வாங்கி வங்கியே கட்டும் கணக்கில், சேராது, நீங்களே தனியாகக் கட்ட வேண்டும். முதல் வருஷம் மறந்துபோய் தாமதக் கட்டணம் கட்டிய நம்மவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

110 டாலர் சின்னத் தொகையாகத் தோன்றலாம். 6.5 சதவீத வட்டியில் 30 வருஷக் கடனில் அது ஏறக்குறைய 17,000 டாலர் கடனுக்கான மாதத் தவணை. வங்கியும் உங்கள் கடன் தகுதியைப் பார்க்கும்போது இதைச் சேர்த்துத்தான் கணக்குப் போடும். கடனாவது 30 வருஷத்தில் முடியும், இது முடியாது, ஏறிக்கொண்டும் போகும். நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு இதில் வரிச் சலுகையும் இல்லை.

சரி, இப்போது நான் முக்கியம் என்று சொன்னதற்கு வருகிறேன். எங்கள் காலனியைச் சுற்றி மெயின் ரோடு பக்கம் ஒரு நீளமான செங்கல் சுவர் உண்டு. டாலஸ் பக்கத்து மண் கரிசல் மாதிரி களிமண், மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். நான் பொருளாளரான வருஷம் அந்தச் சுவர் ஓரிடத்தில் வெளிப்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. செங்கல்களுக்கு நடுவில் கார் சாவியைச் செருகினால் உள்ளே போய்விடும், அந்த அளவுக்கு விரிசல். காண்ட்ராக்டர் கொடுத்த எஸ்டிமேட் 3,60,000 டாலர். பெரிய பழுதுகளுக்கென்று சேர்த்து வைக்கும் ரிசர்வ் ஃபண்டில் இருந்தது 61,000, அதிலும் குளத்துக்குப் பூச்சு வேலை பாக்கி இருந்ததால் 40,000தான் எடுக்க முடிந்தது. மீதியை 400 வீட்டுக்கும் பிரித்தோம், வீட்டுக்கு 800 டாலர் ஸ்பெஷல் அசெஸ்மென்ட், அதாவது டியூஸுக்கு மேல் தனி வசூல். பக்கத்துப் பள்ளியின் கேன்டீனில் கூட்டம் போட்டோம். குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் பெரியவர்கள் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ரிட்டயர் ஆன ஒரு பெண்மணி எழுந்து, "நான் இங்கே வந்த நாளிலிருந்து ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருக்கிறேன், அந்தப் பணம் எங்கே போனது?" என்று கேட்டார். திருட்டு எதுவும் நடக்கவில்லை. எனக்கு முன்பிருந்த போர்டுகள் 8 வருஷமாக டியூஸை ஏற்றாததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தன. மக்களும் கைதட்டியிருக்கிறார்கள். சுவருக்கு வயசாகிக்கொண்டே இருந்தது, அதற்கென்று யாரும் எடுத்து வைக்கவில்லை. அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லும்போது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அதனால்தான் டியூஸ் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. கேட்க வேண்டியது ரிசர்வ் ஸ்டடி. குளம், சுவர், சாலை, கிளப்ஹவுஸ் கூரை என்று ஒவ்வொன்றும் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும், மாற்ற எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, இன்றைக்குக் கையில் இருக்க வேண்டிய பணத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று அதில் சொல்வார்கள். 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல நிலை, 30க்குக் கீழே இருந்தால் ஸ்பெஷல் அசெஸ்மென்ட் வரும் என்று எதிர்பார்க்கலாம். இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் அளவுகோல் இது. கலிஃபோர்னியாவில் 3 வருஷத்துக்கு ஒரு முறையாவது நேரில் பார்த்து இந்த ஆய்வைச் செய்தாக வேண்டும். ஃபுளோரிடாவில் 2021 ஜூனில் சர்ஃப்சைடில் அந்த அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்களே, அதற்கப்புறம் மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள காண்டோக்களுக்கு, அதாவது அடுக்குமாடிச் சொந்த வீடுகளுக்கு, இந்த ஆய்வைக் கட்டாயமாக்கினார்கள். அங்கேயும் கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பெரிய தொகை தேவை என்று தெரிந்து, வீட்டுக்காரர்களிடம் வசூலிக்கும் பேச்சு வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. டெக்சாஸில் இந்த ஆய்வைச் செய்யச் சொல்லும் சட்டமே கிடையாது. செய்திருக்கிறார்களா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். தனி வீடுகளில் சங்கத்தின் பொறுப்பு சுவரோடும் குளத்தோடும் நின்றுவிடும், அதனால் அடி சிறியது. டவுன்ஹோம், காண்டோ என்றால் கூரையும் வெளிச்சுவரும் அவர்கள் கையில், அங்கே இந்த ஒரு காகிதம் இல்லாமல் நான் வாங்கவே மாட்டேன்.

உங்கள் புதுக் காலனியில் இன்னொரு சிக்கல். இப்போது அங்கே போர்டு என்பது டெவலப்பரின் ஆட்கள்தான். 75 சதவீத மனை விற்று 120 நாளுக்குள், போர்டில் மூன்றில் ஒரு பங்கையாவது வீட்டுக்காரர்கள் தேர்ந்தெடுக்கும்படி செய்ய வேண்டும் என்கிறது டெக்சாஸ் சட்டம். அதுவரை உங்கள் ஓட்டுக்குப் பெரிய மதிப்பு இல்லை. வீடு விற்க வேண்டுமே என்பதற்காக டியூஸைக் குறைவாக வைத்து, பற்றாக்குறையை டெவலப்பர் தன் கையிலிருந்து போட்டுச் சமாளிப்பது வழக்கம். அவர் கிளம்பிய பின் முதல் பட்ஜெட் போடும்போதுதான் உண்மையான செலவு தெரியும். சேல்ஸ் ஆபீசில் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த வருஷப் பற்றாக்குறை எவ்வளவு, அதை யார் போடுகிறார்கள், எத்தனை வீடு விற்றபின் கைமாற்றுவீர்கள். மழுப்பினால் 110ஐ மறந்துவிட்டு 160 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 160 என்பது என் அனுபவத்தில் தோன்றும் எண், அதற்குமேல் அதற்கு ஆதாரம் இல்லை. அப்புறம், புதுக் காலனியில் மட் (MUD), பிட் (PID) என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள். தண்ணீர், சாக்கடை, சாலை போடுவதற்கு வாங்கிய கடனை அடைக்கும் வரி அது, எச்.ஓ.ஏ.வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீட்டு மதிப்பில் நூறு டாலருக்கு 50 சென்ட் என்றாலே உங்கள் வீட்டுக்கு வருஷம் 2,250 டாலர். எச்.ஓ.ஏ. 1,320தான். நம்மவர்கள் பலர் சின்னதைப் பற்றி ராத்திரி முழுக்கப் பேசிவிட்டுப் பெரியதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இப்போது உங்கள் "தாங்காது" பற்றி. எனக்கு வந்த முதல் கடிதம் குப்பைத் தொட்டி தெருவிலிருந்து தெரிகிறது என்பதற்கு. போட்டோ ஒட்டி அனுப்பியிருந்தார்கள். இரண்டு நாள் கோபம் அடங்கவில்லை. யாரோ பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்து ஒரு நல்ல மனுஷனோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. போர்டுக்குப் போனபின்தான் தெரிந்தது, மேனேஜ்மென்ட் கம்பெனி ஆள் மாதம் இரண்டு முறை காரில் சுற்றிவந்து போட்டோ எடுக்கிறார், அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. பெரும்பாலான கடிதங்கள் அப்படிப்பட்டவைதான், சரி செய்துவிட்டால் முடிந்தது. அபராதம் போடும் முன் உங்களுக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்பி, 30 நாளுக்குள் நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கேட்கலாம் என்று சொல்ல வேண்டும். அதைப் பெரும்பாலோர் பயன்படுத்துவதில்லை. வந்து உட்கார்ந்து பேசியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நாங்கள் அபராதத்தை எடுத்துவிட்டோம்.

நம் பழக்கவழக்கங்களோடு எங்கே உரசும் என்றால், பின்பக்கம் பேட்டியோவில் கூரை போட்டு இரண்டாவது அடுப்பு வைப்பது. மீன் குழம்பு வாசனையை வீட்டுக்குள் விடாமலிருக்க இங்கே பலரும் செய்வதுதான், ஆனால் முன்கூட்டியே வரைபடத்தோடு சங்கத்தின் கமிட்டியிடம் அனுமதி வாங்க வேண்டும், வாங்காமல் கட்டிவிட்டுப் பிரிக்கச் சொன்ன கதைகள் உண்டு. முன்பக்கம் கத்தரி, வெண்டை போட விட மாட்டார்கள், பின்பக்கம் யாரும் கேட்பதில்லை. என் மாமியார் வந்திருந்த ஆறு மாதமும் தினம் வாசலில் அரிசிமாவுக் கோலம் போட்டார், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, எதிர்வீட்டுச் சிறுமி வந்து கற்றுக்கொண்டு போனாள். பிரச்சினை வந்தது தீபாவளி விளக்குக்கு. விதியில் அலங்கார விளக்கு நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை என்று இருந்தது, அதாவது கிறிஸ்துமஸுக்காக எழுதியது. நாங்கள் ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து போய்க் கேட்டோம். எந்தப் பண்டிகைக்கும் முன்னும் பின்னும் 30 நாள் என்று மாற்றிவிட்டார்கள், பத்து நிமிஷத்தில் முடிந்தது. நான் போர்டில் நின்றதே அதற்கப்புறம்தான். மாவிலைத் தோரணம், வாசலில் பிள்ளையார் இதெல்லாம் டெக்சாஸில் 2021இலிருந்து சட்டப்படியே பாதுகாப்பாக இருக்கிறது. ஆபத்தானதாக இல்லாமல், பொது இடத்தில் வைக்காமல், உங்கள் சொத்தின் எல்லைக்குள் இருந்தால் மத அடையாளத்தைத் தடுக்க முடியாது. சோலாரையும் ஒரேயடியாகத் தடுக்க முடியாது, எந்த இடத்தில் வைப்பது என்பதில் கொஞ்சம் தலையிடலாம்.

விசாவில் இருப்பதாகச் சொன்னீர்கள், அதனால் வாடகை பற்றிய பிரிவைக் கட்டாயம் படியுங்கள். ஹெச்1பி வேலை விசாவில் வேலை போனால் இங்கே இருக்க 60 நாள்தான். வீட்டை விற்க நேரம் இல்லாமல் வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டி வரலாம். சில சங்கங்களில் மொத்த வீட்டில் இத்தனை சதவீதம்தான் வாடகைக்கு என்று வரம்பு உண்டு, அது நிரம்பியிருந்தால் வரிசையில் காத்திருக்க வேண்டும். சிலவற்றில் முதல் ஒரு வருஷம் நீங்களே குடியிருக்க வேண்டும். தோட்டமும் விளக்கும் வெறும் எரிச்சல், இது உங்கள் குடும்பத்தையே மாட்டிவிடக் கூடியது.

எச்.ஓ.ஏ. இருந்தால் வீட்டு மதிப்பு ஏறும் என்று ரியல்டர்கள், அதாவது வீட்டுத் தரகர்கள், சொல்வார்கள். இதை நான் நம்பி முடிவெடுக்க மாட்டேன். எச்.ஓ.ஏ. உள்ள வீடுகள் பெரும்பாலும் புதியவை, பெரியவை, குளம் உள்ளவை. விலை வித்தியாசம் அதனாலா சங்கத்தாலா என்று பிரிப்பது கடினம். "அக்கம்பக்கத்தின் தரத்தைக் காப்பாற்றும்" என்ற பேச்சும் எனக்கு உறுத்தும். இந்த மாதிரிப் பத்திரக் கட்டுப்பாடுகளைப் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் பரவலாக எழுதியபோது, கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் விற்கக் கூடாது என்பதும் அதில் ஒரு ஷரத்தாகப் பல இடங்களில் இருந்தது. 1948இல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது, 1968இல்தான் சட்டம் தடை செய்தது. நம் ஆட்கள் போர்டில் உட்கார வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரிச்சர்ட்சன் வீட்டுக்கும் முழுச் சுதந்திரம் என்று நினைக்காதீர்கள். புல் வளர்ந்தால் நகராட்சி நோட்டீஸ் வரும். சங்கம் இல்லாவிட்டாலும் அந்த மனையின் பத்திரத்தில் பழைய கட்டுப்பாடுகள் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் அதை வைத்து வழக்குப் போடலாம், வீட்டுப் பத்திரங்களைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியிடம் கேட்டால் எடுத்துத் தருவார்கள். 40 வருஷ வீடு, அதே களிமண். அஸ்திவாரத்தைத் தனியாக ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே உங்களுக்கு ரிசர்வ் ஃபண்ட் நீங்களேதான்.

செய்ய வேண்டியது இது. டெக்சாஸில் 60 மனையோ அதற்கு மேலோ உள்ள சங்கமோ, மேனேஜ்மென்ட் கம்பெனி நடத்தும் சங்கமோ, தன் ஆவணங்களை இணையதளத்தில் வைக்க வேண்டும். மாநில ரியல் எஸ்டேட் கமிஷனின் தளத்தில் காலனி பெயரைப் போட்டுத் தேடினால் யார் நிர்வகிக்கிறார்கள் என்று தெரியும், இதற்குக் காசு இல்லை. சங்கம் உள்ள காலனியில் பழைய வீடு வாங்குவதாக இருந்தால் ரீசேல் சர்ட்டிஃபிகேட் கேட்க வேண்டும், அதற்கு 375 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. ரிசர்வ் எவ்வளவு, சங்கத்தின் மேல் வழக்கு இருக்கிறதா, அந்த வீட்டின் மேல் பாக்கி இருக்கிறதா எல்லாம் அதில் இருக்கும். கூடவே கடைசி ஒரு வருஷக் கூட்டக் குறிப்புகளைக் கேளுங்கள், போர்டு எதற்கு நேரம் செலவழிக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போய் தபால் பெட்டிப் பக்கம் நாலு பேரிடம் பேசுங்கள்.

என்னைக் கேட்டால், அந்தப் புதுக் காலனி பாதிக்கு மேல் விற்று, ரிசர்வ் ஸ்டடியும் இருந்து, வாடகை வரம்பும் இல்லையென்றால் அதையே எடுப்பேன், இரண்டு சின்னக் குழந்தைகளும் அடிக்கடி வந்துபோகும் பெற்றோரும் உள்ள உங்களுக்கு நடக்கும் தூரத்தில் குளமும் பார்க்கும் பெரிய வசதி. இந்த மூன்றில் இரண்டு சரியாக அமையாவிட்டால் ரிச்சர்ட்சன் போங்கள், மாதம் அந்த 110 டாலரை அஸ்திவாரத்துக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். ஒன்று மட்டும் கவனம். மாநிலத்தின் வழக்கமான ஒப்பந்தப் படிவத்தில், சங்க ஆவணங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 3 நாளுக்குள் விலகிக்கொள்ளலாம் என்று ஓர் இணைப்பு உண்டு. பில்டர்கள் பெரும்பாலும் அந்தப் படிவத்தைப் பயன்படுத்துவதில்லை, தங்கள் சொந்த ஒப்பந்தத்தைத்தான் நீட்டுவார்கள். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே டிக்ளரேஷனையும் பட்ஜெட்டையும் கேட்டு வாங்குங்கள். பட்ஜெட் பக்கம் கிடைத்ததும் இங்கேயே போடுங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.